அளவையர் எடுக்க மறுத்த சிப்பாய்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பொது நூலகத்தின் வாசிப்பு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தை ஆட வந்த நில அளவையர். அவரை எதிர்த்து ஆட வந்த பல் வைத்தியர். நடுவராக அமர்ந்த நூலகர். மாவுக்கட்டுப் போட்ட வலது காலை நீட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் அளவையரின் தகப்பனார். அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த அளவையரின் மனைவி. அவர் பெரிய மருத்துவமனையில் மூத்த செவிலி. ஆறாவதாக ஒருவர் தலையை நீட்டிப் பார்த்தார். அன்று நாளிதழ் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

ஐவரில் இருவருக்கு மட்டும் அந்த ஆட்டம் எப்படி முடியும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அந்த இருவரில் தாமும் ஒருவர் என்று அளவையர் நம்பியிருந்தார். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பல் வைத்தியர் ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கோப்பையை வீட்டில் வைத்திருந்தார். கோப்பை எவரிடம் இருக்கிறதோ அவருக்கே இறுதி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் என்பது அந்த நூலகத்தின் வழக்கம். வெள்ளை கிடைத்துவிட்டால் அவருக்குத் தெரிந்தது ஒரே தொடக்கம். முதலில் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். எதிராளியும் தம் ராஜாவின் சிப்பாயை அப்படியே தள்ளுவார். அடுத்த நகர்த்தலில், ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் மந்திரியின் சிப்பாயைக் கொண்டுவந்து, எதிராளி வெட்டுவதற்கு வாகான இடத்தில் நிறுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். வேண்டுமா, எடுத்துக்கொள். சதுரங்க நூல்களில் இதற்கு ராஜா காம்பிட் என்று பெயர்.

ஒன்பது ஆண்டுகளின் ஆட்டத் தாள்களையும் நூலகர் தைத்து வைத்திருந்தார். அளவையர் அவற்றை மூன்று மாதம் உட்கார்ந்து படித்தார். அந்தச் சிப்பாயை எடுத்தவர்கள் ஒருவர் விடாமல் தோற்றிருந்தார்கள். எடுக்காமல் விட்டவர் எவரும் இல்லை. தானாக வந்து நிற்பதை வேண்டாம் என்று சொல்லும் ஆள் அந்த ஊரில் அதுவரை பிறக்கவில்லை.

"நான் எடுக்க மாட்டேன்," என்று அளவையர் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று சூளுரைத்தார்.

எடுக்காமல் மந்திரியை வெளியே கொண்டுவந்து ஆடும் வழிகள் நாற்பதை மனப்பாடம் செய்தார். எடுத்தால் என்ன ஆடுவது என்பதைப் பற்றி ஒரு வரியும் படிக்கவில்லை. எடுக்கப் போவதில்லை என்று முடிவான பிறகு அதை ஏன் படிக்க வேண்டும்?

அவருக்கு இன்னொரு பகை இருந்தது. அது அவருடைய வலது கை. இருபத்தாறு ஆண்டுகள் நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்ட கை. கோணலாக இருக்கும் எதையும் அதனால் சும்மா விட முடியாது. அளவையர் சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் சமமட்டம் பார்க்கும் ஒரு சிறு ரசமட்டம் வைத்திருப்பார். விருந்துக்குப் போன வீட்டிலும் சுவரிலுள்ள படத்தை நேராக்கிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். தகப்பனாரின் கால் முறிந்ததும் இதனால்தான். பரணில் ஏறுவதற்கு மகன் ஏணி வைத்துக் கொடுத்தார். ஏணியைச் சாய்த்து வைக்க வேண்டும். அளவையர் அதைச் செங்குத்தாக நிறுத்தினார்.

பல் வைத்தியரோ ஒரு காயையாவது கட்டத்தின் நடுவில் வைத்து அறியாதவர். கோட்டின் மேல் பாதியும் கட்டத்துக்குள் பாதியுமாகப் போட்டுவிடுவார். சென்ற ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவருடைய குதிரை அப்படித்தான் நின்றது. அளவையரின் கை நீண்டு அதை நேராக்கிவிட்டது. சதுரங்கத்தில் எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிகிற இடத்தில் அது இருந்தால், வெட்டியே ஆக வேண்டும். நேராக்க விரும்புகிறவர் தம் முறை வரும்போது முதலில் 'சரி செய்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொடலாம். அளவையர் சொல்லவில்லை. குதிரையை வெட்டினார், ராணியை இழந்தார், கோப்பை மறுபடியும் பல் வைத்தியரின் வீட்டுக்குப் போயிற்று.

ஆகவே இந்த ஆண்டு சூளுரை இரண்டு. சிப்பாயை எடுப்பதில்லை. சொல்லாமல் எதையும் தொடுவதில்லை.

இந்த நிலையில்தான் செவிலியார் ஒரு மாலை, சீருடையைக்கூட மாற்றாமல், ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தலைமைச் செவிலிப் பதவிக்காகத் தலைமை மருத்துவமனையில் மூன்று வாரப் பயிற்சி.

"முடிச்சா மேட்ரன். பதினெட்டு வருஷமா வார்டு வார்டா ஓடியாச்சு. இதை விட்டா அடுத்த வாய்ப்பு நாலு வருஷம் கழிச்சு," என்றார்.

அளவையர் தேதியைப் பார்த்தார். "அதே மூணு வாரத்துலதான் மண்டலப் போட்டி. நான் ஜெயிச்சா நான் போகணுமே."

"ஜெயிச்சாத்தானே?"

"என்னது, ஜெயிச்சாத்தானேவா?"

"நீங்க சொன்னதைத்தாங்க நானும் சொன்னேன்."

கட்டிலிலிருந்து தகப்பனார் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் கிளம்பிட்டா என்னை யாருடா பாக்கறது? நான் என்ன பூந்தொட்டியா, பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போக?"

அளவையர் தம்மை நியாயவான் என்று எண்ணிக்கொண்டிருந்தவர். எழுந்து நின்று அவர் சொன்ன தீர்ப்பு இது. "நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். ஆட்டம் முடிவு பண்ணட்டும். நான் ஜெயிச்சா நீ வீட்ல இருந்து அப்பாவைப் பாத்துக்கோ. தோத்தா நான் லீவு போடறேன், நீ பயிற்சிக்குப் போ."

"எனக்கு ஆடத் தெரியாதே."

"நீ ஏன் ஆடணும்? என் சார்பா நான் ஆடறேன். உன் சார்பா பல் டாக்டர் ஆடறார். ஒன்பது வருஷச் சாம்பியனைத் தூக்கி உன் கையில குடுத்திருக்கேன். இதுக்கு மேல என்ன தாராளம் வேணும்?"

செவிலியார் சற்று யோசித்தார். "போன வருஷம் எதனால தோத்தீங்க?"

"தோக்கல. கை பட்டுடுச்சு."

"சரி. எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

அளவையர் எழுதினார். ஓரம்விட்டு, கோடு போட்டு எழுதினார். இருவரும் கையெழுத்திட்டார்கள். தகப்பனார் சாட்சிக் கையெழுத்தைச் சற்றே சாய்வாகப் போட்டார். அதை நேராக்க வழியில்லாமல் அளவையர் மறுநாள் வரை இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவரைத் திகைக்கவைத்த காரியம் ஒன்று நடந்தது. மனைவி உதவ முன்வந்தார்.

"வெளில போய்ச் சொல்லணும்னா வீட்லயே சொல்லிப் பழகணும். நான் எல்லாத்தையும் கோணலா வெச்சுடறேன். நீங்க ஒவ்வொண்ணையும் சொல்லிட்டுத் தொடுங்க."

"நான் ஜெயிச்சா உனக்குத்தானே நஷ்டம்?"

"நியாயமா ஆடி ஜெயிங்களேன். கை பட்டுடுச்சு, கால் பட்டுடுச்சுன்னு அப்புறம் யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

அளவையருக்கு இது புரியவில்லை. புரியாததை மறுக்கவும் தோன்றவில்லை. அன்று முதல் வீடு முழுவதும் கோணலாயிற்று. நாட்காட்டி சாய்ந்தது. மிதியடி முறுக்கிக்கொண்டது. அலமாரியில் கரண்டிகள் பகைவர்களைப்போல ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் கிடந்தன. தகப்பனாருக்குக் காற்று வேண்டும் என்று அவருடைய கட்டிலையும் முன்னறையின் நடுவே, சுவருக்கு இணையாக இல்லாமல், இழுத்துப் போட்டாயிற்று.

"சரி செய்கிறேன்!" என்று அளவையர் அறை அதிரச் சொல்லி நாட்காட்டியைத் தொட்டார்.

"யாரது?" என்றது கட்டில்.

"நான்தாம்ப்பா."

"நல்லாத் தூங்கிட்டிருந்தேன். எழுப்பிட்டே. முழிச்சா எனக்குத் தாகம் எடுக்கும்."

தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் குடித்த மனிதர் கால்மணி நேரத்தில் எழ வேண்டும் என்பார். எழுப்புவது எளிதன்று. தகப்பனார் எண்பத்திரண்டு கிலோ, மாவுக்கட்டு தனி. குளியலறை வரை தாங்கிக்கொண்டு போய், கதவுக்கு வெளியே நின்று, திரும்பத் தாங்கிக்கொண்டு வந்து படுக்கவைத்து, தலையணையை இப்படியா அப்படியா என்று ஆறு முறை மாற்றி முடிக்கும்போது அளவையரின் இடுப்பு தனியாகப் பேசத் தொடங்கியிருந்தது.

நிமிர்ந்தார். மிதியடி கோணலாக இருந்தது.

"சரி செய்கிறேன்."

"யாரது?"

முதல் நாள் முப்பத்தொரு முறை சொன்னார். முப்பத்தொரு முறையும் தகப்பனார் விழித்தார். செவிலியார் வாசலில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மருத்துவமனை வேலையாக இருக்கும் என்று அளவையர் எண்ணிக்கொண்டார்.

"அப்பாவை உள்ரூம்ல போடக் கூடாதா?"

"அங்க காத்து வராதுங்க. நீங்க கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்களேன். நடுவர் என்ன அடுத்த தெருவிலயா இருக்கார்?"

நியாயமாகப் பட்டது. மெதுவாகச் சொன்னார். தகப்பனாரின் தூக்கம் அப்படிப்பட்ட தூக்கம். மெதுவாகச் சொன்னாலும் கலைந்தது. முணுமுணுத்துப் பார்த்தார். மூன்றுக்கு ஒருமுறை கலைந்தது. உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். கலையவில்லை. இடுப்புக்கும் ஓய்வு கிடைத்தது. அவர் மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதை ஒருவரும் மறுக்க முடியாது.

இரண்டாம் வாரத்தில் அவருடைய கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது. பல் வைத்தியர் வீட்டுத் தெருவிலிருந்து மனைவி வருவதைக் கண்டார்.

"எங்கே போயிட்டு வர்றே?"

"பல் டாக்டர்கிட்ட."

"எதுக்கு?"

"ஒரு விஷயம் கேக்க வேண்டியிருந்தது."

"என்ன விஷயம்?"

"அதான் கேட்டாச்சே. வாங்க, சாப்பாடு ஆறுது."

அளவையருக்குச் சோறு இறங்கவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டாள்! தாம் சிப்பாயை எடுக்கப் போவதில்லை என்ற இரகசியம் இப்போது எதிரியின் கையில் இருக்கிறது. எதிரி தொடக்கத்தை மாற்றிவிடுவார். நாற்பது வழிகளும் வீண். ஆனால் தாம் இப்படி நினைக்கக்கூடும் என்பதும் அவளுக்குத் தெரியுமே? அப்படியானால் எதிரி மாற்ற மாட்டார். அப்படி மாற்ற மாட்டார் என்று தாம் நினைக்கக்கூடும் என்பதையும் அவள் நினைத்திருந்தால்? இந்த இடத்தில் அளவையர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். நில வரைபடம்போல அழகாக வந்தது. அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

பொய்ச் செய்தி அனுப்பிப் பார்ப்பது என்று தீர்மானித்தார்.

"யோசிச்சுப் பாத்தேன்," என்றார் மறுநாள் காலையில், காற்றைப் பார்த்துப் பேசுகிறவர்போல. "அந்தச் சிப்பாயை எடுத்துடலாம்னு இருக்கேன்."

"எடுங்க."

மாலையில் மீண்டும் தொடங்கினார். "எடுக்க வேண்டாம்னு தோணுது."

"எடுக்காதீங்க."

"ரெண்டுல எதுன்னு நீதான் சொல்லேன்."

"உங்க இஷ்டம்."

பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் அளவையர் கேட்டறியாத சொல் அது. அவருடைய இஷ்டம்! மனைவி அதை மருந்து கொடுக்கும் குரலில் வேறு சொன்னார்.

"நீ ஏதோ பண்றே," என்றார்.

"ஆமாங்க. துணி மடிக்கிறேன்."

"இல்ல, வேற ஏதோ."

"இந்தத் துண்டு கோணலா இருக்கு பாருங்க."

அளவையர் ஒரு வார்த்தையும் பேசாமல் துண்டை வாங்கி, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, மடித்துக் கொடுத்தார். கட்டிலில் குறட்டை சீராக ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வாறு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நூலகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, விதிகளை உரக்கப் படித்தார். தொட்ட காயை ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் வெட்ட வேண்டும். நேராக்குகிறவர் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். இதைப் படித்தபோது அவர் அளவையரைத்தான் பார்த்தார்.

"தெரியும் சார். மூணு வாரமாப் பழகியிருக்கேன்," என்றார் அளவையர் கம்பீரமாக.

செவிலியார் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து ஆட்ட மேசையை ஒட்டி நிறுத்தினார். "மாமாவுக்குக் கிட்டத்துலேருந்து பாக்கணுமாம். பரவாயில்லைங்களா?"

"பாக்கட்டுமே," என்றார் பல் வைத்தியர். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். வலிக்குமா என்று கேட்டாலும்.

ஆட்டக் கடிகாரத்தை நூலகர் அழுத்தினார். பல் வைத்தியர் ராஜாவின் சிப்பாயைத் தள்ளினார். அது கட்டத்தின் மேல்மூலையில் போய் நின்றது. அளவையருக்கு விரல் அரித்தது. கையை மடியில் அழுத்திக்கொண்டு தம் சிப்பாயை எதிரே, நட்டநடுவில், எல்லைக்கல்லைப்போல நட்டார்.

இப்போதுதான் அந்த நகர்த்தல். எதிரி மாற்றுவாரா? மாற்றிவிட்டாரா? பல் வைத்தியர் ஒரு கொட்டாவி விட்டார். பிறகு, ஒன்பது ஆண்டுகளாகச் செய்ததைப்போலவே, மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் கொண்டுவந்து போட்டார்.

அதே தொடக்கம்!

அளவையரின் நெஞ்சு நிறைந்தது. அவள் சொல்லவில்லை. பாவம், அவளைப்போய்ச் சந்தேகப்பட்டோமே! நாற்பது வழிகளும் உயிரோடு இருந்தன. மந்திரியை எடுத்துச் சாய்வாக ஓட்ட வேண்டியதுதான்; பல் வைத்தியர் இதுவரை பார்த்திராத ஆட்டம் அது; கோப்பை, மண்டலம், நாளிதழில் படம். மனைவியை நன்றியோடு ஒரு பார்வை பார்த்தார். மனைவியும் பார்த்தார்.

பலகைக்குத் திரும்பினார். அந்தச் சிப்பாய் மூன்றில் ஒரு பங்கு பக்கத்துக் கட்டத்தில் நின்றது.

மறந்துவிடவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு விதி நினைவிருந்தது. 'சரி செய்கிறேன்' என்று சொல்ல வாயையும் திறந்தார். அந்த நேரத்தில், அவருடைய முழங்கைக்கு ஒரு சாண் தொலைவிலிருந்து, மெல்லிய, சீரான குறட்டை எழுந்தது. தகப்பனார் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அளவையரின் இடுப்பு அவரை முந்திக்கொண்டது. வாய் மூடிற்று. உதடுகூட அசையவில்லை. கை மட்டும் இரண்டு விரலை நீட்டி, தூங்குகிறவரை எழுப்பாத மென்மையோடு, சிப்பாயைக் கட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. அவர் ஒரு கண்ணை மூடி வரிசை பார்த்தார். துல்லியம்.

பிறகுதான் நூலகர் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

"தொட்டுட்டீங்க, சார்," என்றார் நூலகர்.

"நான் சொன்னேனே!"

"எங்க சொன்னீங்க?"

"மனசுல..."

"மனசுக்கு நான் நடுவர் இல்ல. வெட்டுங்க."

வெட்டினார். எடுக்கவே மாட்டேன் என்று கண்ணாடியின் முன் சூளுரைத்த அதே சிப்பாயைத் தம் கையால் எடுத்து வெளியே வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது சதுரங்கத்துக்கு மரியாதையன்று. தெரிந்த நாற்பது வழிகளும் எடுக்காதவருக்கு உரியவை. எடுத்தவருக்கு உரிய வழி ஒன்றுகூட அவரிடம் இல்லை. குதிரையைப் பலகையின் ஓரத்துக்கு ஓட்டினார். அது அங்கே போய் வேடிக்கை பார்த்தது. ராணியைக் காக்க யானையை நகர்த்தி, யானையைக் காக்க ராணியை நகர்த்தி, இரண்டையும் இழந்தார். ராஜாவைக் கோட்டைக்குள் ஒதுக்குவதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. பதினேழாவது நகர்த்தலில் பல் வைத்தியர், யாருக்கோ வருத்தமான செய்தி சொல்கிறவர்போல, "மேட்," என்றார்.

குறட்டை நின்றது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் தகப்பனார், தெளிந்த குரலில்.

அளவையர் திரும்பினார். "நீங்க தூங்கலையா?"

"பகல்ல தூங்கற பழக்கம் எனக்கு எந்தக் காலத்துலடா இருந்தது?"

"மூணு வாரமா..."

"மூணு வாரமாக் கண்ணை மூடிட்டுக் கிடந்தேன். லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சியா? முதுகு போயிடுச்சு. ஆனா ஒண்ணுடா. முப்பது வருஷமா உன்கூட ஆடறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காயைத் திருப்பி வெச்சுக்கறேன்னு கேட்டா விட்டியா? 'தொட்டா ஆடணும்ப்பா.' 'தொட்டா ஆடணும்ப்பா.' இப்ப ஆடு."

தகப்பனார் மாவுக்கட்டின் மேல் சொருகியிருந்த தாளை எடுத்து நீட்டினார். கட்டிலின் கால்மாட்டில் மூன்று வாரம் தொங்கிக்கொண்டிருந்த தாள் அது. தகப்பனாரின் காய்ச்சல் விவரம் என்று எண்ணி அளவையரே அதை இரண்டொரு முறை நேராக்கியிருந்தார். இப்போதுதான் படித்தார். மனைவியின் கையெழுத்து. நான்கு பத்திகள்: உரக்க, முணுமுணுத்து, உதடு மட்டும், ஒன்றுமில்லை. முதல் நாள் முப்பத்தொன்று, பூச்சியம், பூச்சியம், பூச்சியம். பத்தாம் நாள் இரண்டு, ஒன்பது, இருபது, ஆறு. கடைசி மூன்று நாளும் ஒன்றுமில்லை என்ற பத்தியில் மட்டும் நாற்பது நாற்பத்தைந்து என்று எண்கள். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'பழக்கம் பிடித்துவிட்டது. இனிக் கவனிக்கத் தேவையில்லை.'

"என்னை நோயாளி மாதிரி..." என்று தொடங்கினார்.

"வார்டுல மாத்திரை முழுங்க மாட்டேன்னு அடம்பிடிக்கிறவங்களை இப்படித்தாங்க பழக்குவோம். கொஞ்சம் கொஞ்சமா," என்றார் செவிலியார். "நீங்க ரொம்ப ஒத்துழைச்சீங்க."

அளவையர் நூலகரிடம் பாய்ந்தார். "சார், இது விதிமீறல்! இந்த ஆட்டம் செல்லாது!"

நூலகர் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். நேர்மையான மனிதர்; அட்டையின் பின்புறத்தையும் பார்த்தார். "பார்வையாளர் பேசக் கூடாதுன்னு இருக்கு. அவர் பேசல. தூங்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. தூங்கற மாதிரி நடிக்கக் கூடாதுன்னும் இல்ல."

அளவையர் பல் வைத்தியரைப் பிடித்தார். "டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. இவ உங்ககிட்ட வந்து என்ன சொன்னா? நான் எடுக்க மாட்டேன்னு சொன்னாளா? எடுப்பேன்னு சொன்னாளா?"

"எதைச் சார்?"

"சிப்பாயை!"

"சிப்பாயைப் பத்தி ஒண்ணும் பேசலையே." பல் வைத்தியர் உண்மையாகவே விழித்தார். "ஆட்டம் எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவர் எடுத்தா ஒண்ணரை மணி நேரம், எடுக்காட்டி நாலு மணி நேரம்னேன்."

"அதுக்கு இவ?"

"'அப்ப மூணு மணி பஸ் கிடைச்சுடும்'னாங்க. என்ன பஸ்ஸுன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணுமா?"

அளவையர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவிலியார் அகராதிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போனார். அங்கிருந்து ஒரு பழுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பூட்டிய பெட்டி. கைப்பிடியில் பெயரும் மருத்துவமனை முகவரியும் எழுதிய சீட்டு, மழையில் நனையாதபடி கண்ணாடிக் காகிதம் ஒட்டி, கட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் ஒட்டிய ஒட்டல் அன்று அது.

"மாமா, மாத்திரையெல்லாம் நீலப் பையில இருக்கு. எட்டு மணிக்கு ஒண்ணு, படுக்கும்போது ரெண்டு," என்றார்.

"நான் பாத்துக்கறேன்மா. நீ மேட்ரனாத் திரும்பி வா," என்ற தகப்பனார் மகன் பக்கம் திரும்பினார். "டேய், எனக்குத் தாகமா இருக்கு."

அளவையர் தாகத்தைக் கவனிக்கவில்லை. அவருடைய பார்வை பெட்டியிலிருந்து சீட்டுக்கும், சீட்டிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து மனைவியின் முகத்துக்கும் போய்ப் போய் வந்தது. எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஆட்டம் ஆட்டம்தானே, தாம் ஒருவேளை வாயைத் திறந்து சொல்லியிருந்தால்? தகப்பனாருக்கு அந்த நேரத்தில் இருமல் வந்திருந்தால்? பல் வைத்தியர் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு காயை நடுவில் வைத்திருந்தால்? இவ்வளவுக்கும் நடுவில், ஆட்டம் தொடங்கும் முன்பே பெட்டியைப் பூட்டிக்கொண்டு வர ஒரு மனுஷியால் எப்படி முடிந்தது?

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ," என்றார். "நான் ஜெயிச்சிருந்தா? அப்ப இந்தப் பெட்டியை என்ன பண்ணியிருப்பே?"

அறையில் இருந்த மற்ற மூவரும்கூட அந்தப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நூலகர் விதிப்புத்தகத்தை மூடினார். பல் வைத்தியர் கையில் எடுத்திருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

செவிலியார் கணவரை ஏற இறங்க ஒருமுறை பார்த்தார். பெட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். மூன்று மணிப் பேருந்தைப் பிடிக்க வெளியே போனார்.